முதல் பன்னிரண்டு நிமிடம்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகள் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கிற நேரம். கரண்டியை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, மகன் என்னமோ எழுதியிருக்கிறான் என்று அடித்துப்பிடித்துப் பிரித்தேன். எட்டே வரி. அதில் இரண்டு வரி நலம், நலமறிய ஆவல். ஒரு வரி, அங்கே வெயில் ஜாஸ்தி. இங்கே பெரம்பலூரில் என்ன பனியா கொட்டுகிறது? மிச்சம் ஐந்து வரியில் எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாய். இரண்டு கேசட் போடுகிற செட் வாங்கிவிட்டாயாம். லீவில் வந்திருக்கும் லெப்பைக்குடிக்காட்டு பாய் தம்மாமுக்குத் திரும்பும்போது அப்பாவின் கேசட்டை அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டுமாம். நீ அதைச் சுத்தம் செய்து, நகல் எடுத்து, தை மாதம் கல்யாணத்துக்கு வரும்போது கையோடு கொண்டு வருவாயாம்.

கொடுத்தனுப்ப மாட்டேன். அப்பா குரல் அதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று போன கடிதத்தில் நான் எழுதியதே தப்பாகப் போயிற்று. ஏன் மாட்டேன் என்பதை உன்னைப்போல எட்டு வரியில் சொல்ல எனக்குத் தெரியாது. பாயை வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். கேசட்டுக்குப் பதிலாக இந்தக் கடிதத்தைத்தான் வாங்கிப் போவார். ரூமில் ஒரு மூலையாகப் பார்த்து உட்கார்ந்து முழுசாகப் படி. பாதியில் மடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதே.

நம் வீட்டில் கேசட் என்பது எப்போதும் ஒன்றுதான். தூக்குவாளி மாதிரி, இங்கிருந்து நிறைந்து போகும், அங்கிருந்து நிறைந்து வரும். இந்த வட்டாரத்தில் வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிய வீடு பாதியிலாவது இதுதான் நடக்கிறது. ஆனால் தூக்குவாளியில் பழைய குழம்பை எடுத்து வைத்துக்கொண்டுதான் புதுக் குழம்பு ஊற்றுவோம். கேசட்டில் அப்படியா? ஒருவர் பேசினால் அதற்கு முன் பேசியவர் தன்னால் அழிந்து போகிறார். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மூன்று பேரும் இரண்டு வருஷமாக ஒருவர் பேச்சை ஒருவர் அழித்துக்கொண்டிருந்தோம். அது ஒரு பெரிய விஷயமாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த தடவை பேசாமலா போய்விடுவார் என்ற தைரியம்தான்.

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ எடுத்துக்காட்டக் கூடாது. பங்குனியில் உன் அப்பா திருச்சியிலிருந்து ஒரு புதுக் கேசட் வாங்கி வந்தார். "தம்பிக்குப் பேசி அனுப்பணும், பழசு தேஞ்சு போச்சு" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "தேய்றதுக்கு அது என்ன செருப்பா?" என்று கேட்டுவிட்டு, புதுசைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்து அம்மன் பாட்டு பதிந்து வாங்கி வந்துவிட்டேன். மனுஷர் பழைய கேசட்டையே துடைத்து எடுத்துக்கொண்டார். புதுசில் பேசியிருந்தாலும் நீ அதன் மேல்தான் பேசியிருப்பாய், அது வேறு கதை. ஆனாலும் அந்த அம்மன் பாட்டை இப்போதெல்லாம் நான் யாரையும் போடச் சொல்வதில்லை.

நீ வெளிநாட்டுக்குப் போன அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அரியலூர் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீசியன் வேலைக்கு அவர் யார் யாரையோ பிடித்துச் சொல்லி வைத்திருந்தார். நீ அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாஸ்போர்ட்டோடு வந்து நின்றாய். பத்து நாள் இருவரும் பேசவில்லை. ஒரே சட்டியில் சோறு, இரண்டு மூலையில் இரண்டு தட்டு. நடுவில் நான், "உங்கப்பாகிட்ட சொல்லு", "உன் புள்ளகிட்ட சொல்லு" என்று இரண்டு பக்கமும் தந்தி அடித்துக்கொண்டிருந்தேன். நீ கிளம்புகிற அன்று லீவு போடுங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விசிலை எடுத்துக்கொண்டு, பூலாம்பாடி வண்டிக்கு டூட்டிக்குப் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டில் நீ திருச்சி வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாய், நான் கீழே நின்று அழுகிறேன், அப்போது அவர் வண்டி உள்ளே வந்தது. இறங்கி நேராக உன் ஜன்னலுக்கு வந்தார். என் நெஞ்சு குளிர்ந்தது. வந்து கேட்டது என்ன? "டிக்கெட் வாங்கிட்டியா? சில்லற வச்சிருக்கியா?" நீ தலையை ஆட்டினாய். அவ்வளவுதான். இருபது வருஷம் ஊரார் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வியையே பெற்ற பிள்ளையிடமும் கேட்டுவிட்டுப் போனார். நீயாவது வாயைத் திறந்தாயா? அப்பனும் மகனும் ஒரே அச்சு.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கேசட்டில் பேசினீர்கள். அதுவும் என்ன பேச்சு! அவர் பேசும்போது பக்கத்தில் நான் இருப்பேன். டேப் ரிக்கார்டரை வண்டியின் பின்படிக்கட்டு என்று நினைத்துக்கொண்டு கத்துவார். "மெதுவா பேசுங்க, அது என்ன பூலாம்பாடி வண்டியா?" என்று நான் அதட்டுவேன். மழை பெய்ததா, பசு ஈன்றதா, யார் வீட்டில் யார் செத்தார்கள், இதுதான். அந்தப் பத்து நாளைப் பற்றி அவரும் தொடவில்லை, நீயும் தொடவில்லை.

பங்குனியில் அவர் பேசியது மட்டும் வேறு மாதிரி. அன்றைக்கு மதியமே டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, முதல் முதலாகத் தனியாக உட்கார்ந்து பேசியிருக்கிறார். நான் வரும்போது பேச்சு முடிகிற நேரம். "என்ன பேசினீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றார். அன்று ராத்திரி வழக்கத்தைவிட ஒரு கரண்டி சோறு கூடச் சாப்பிட்டார் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கேசட் உன்னிடம் போய்ச் சேர்ந்தது. நீ நாற்பது நாள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இங்கே அவர், லெப்பைக்குடிக்காட்டு ஆட்கள் யார் வண்டியில் ஏறினாலும், "தம்மாம்லேந்து யாராச்சும் வந்தாங்களா? எங்க பையன் கேசட்டு ஏதும் குடுத்தானா?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பாராம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த டிரைவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நீ ஒருவழியாகப் பேசிக் கொடுத்தனுப்பிய நாலாம் நாள், அப்பா போய்விட்டார் என்று நாங்கள் அடித்த தந்தி உனக்கு வந்தது. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது, உன்னால் வர முடியவில்லை. அதற்கு நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். கேசட் கொண்டு வந்த ஆள் பம்பாயில் எல்லாம் சுற்றிவிட்டு, காரியம் முடிந்து நாலைந்து நாள் கழித்து வந்தார். சோப்பும் தைலமும் கேசட்டும் வைத்த பையை நீட்டிவிட்டு, மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "அல்லாதான்மா மனசுக்கு ஆறுதல் தரணும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

ஒரு மாதம் அதை நான் தொடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்து வீட்டு வசந்தாவைக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன். அவள் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். "அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்று ஆரம்பிக்கிறாய். கேட்டுக்கொண்டு இருக்க முடியுமா அதை? ஆனாலும் கேட்டேன். "நீங்க பேசினதெல்லாம் கேட்டேன்ப்பா. நீங்க அப்படியெல்லாம் நெனைக்காதீங்க" என்கிறாய். பிறகு வெயில். பிறகு மெஸ்ஸில் போடும் ரொட்டி. பிறகு "வச்சிடறேன்". சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு நிமிடம். நாற்பது நாள் யோசித்துப் பன்னிரண்டு நிமிடம் பேசியிருக்கிறான், இவனை என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டேன். கை முழுக்கக் கீரை. செட்டை அணைக்க எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கரகரவென்று இரைச்சல்.

அப்புறம் உன் அப்பா பேசினார்.

"அதான்ப்பா. வேற ஒண்ணுமில்ல. மனசுல வச்சுக்காத. சரி, அத வுடு." இப்படித்தான் தொடங்கியது. அதே பின்படிக்கட்டுக் குரல். வீடு முழுக்கக் கேட்டது. பன்னிரண்டு நிமிடத்தோடு நீ வாயை மூடிக்கொண்டதால், அதற்கு அப்பால் அவர் பேசியது அழியாமல் அப்படியே கிடந்திருக்கிறது. அரை மணி நேரமும் நீ பேசியிருந்தால் ஒரு சொல்கூட மிஞ்சியிருக்காது. உன் கஞ்சப் பேச்சை நான் திட்டாத நாள் இல்லை. அந்தக் கஞ்சத்தனம்தான் எனக்கு அவரைத் திருப்பிக் கொடுத்தது. இதற்கு உன்னைப் பாராட்டுவதா, அடிப்பதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. மறுபக்கம் பூராவும் காலியாகத்தானே இருந்தது? திருப்பிப் போட்டுப் பேச உனக்குக் கை வலித்ததா? கம்பெனியில் ஆளுயர மிஷினையெல்லாம் கழற்றி மாட்டுகிறவனுக்கு ஒரு கேசட்டைத் திருப்பத் தெரியவில்லை.

நான் மட்டும் என்ன சமர்த்து? கீரையை உதறிவிட்டு ஓடினேன். முதலிலிருந்து கேட்க வேண்டும் என்று ஒரு வெறி. அதுவரை அந்தச் செட்டை நான் தொட்டதில்லை. அவர் பேச ஆரம்பிக்கும்போது இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்குவதைத்தான் பார்த்திருக்கிறேன். நிறுத்தினேன், அதே மாதிரி இரண்டையும் சேர்த்து அமுக்கினேன். சத்தம் வரவில்லை. "ஏங்க... ஏங்க... என்னங்க பேச மாட்டேங்குறீங்க" என்று செட்டைப் பார்த்துக் கேட்டேன். சிவப்புப் பொத்தான் கண்ணில் பட்டபோதுதான், அவர் பேச்சின் மேல் நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. இப்போது கேசட்டைப் போட்டால் அந்த இடத்தில் அவர் இல்லை. நான்தான் இருக்கிறேன், "ஏங்க, ஏங்க" என்று. பதறிப்போய் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்துவிட்டேன். நாடா உருளையில் சுற்றிக்கொண்டது. இழுத்தேன். கசங்கி, ஓர் இடத்தில் அறுந்தும் போயிற்று. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

இதற்குள் உன் சித்தப்பா வந்து சேர்ந்தார். அவரை உனக்குத் தெரியும், ஊரில் எது உடைந்தாலும் முதல் ஆளாக வந்து மிச்சத்தையும் உடைத்துக் கொடுப்பவர். "அண்ணி, இதுக்கு ஏன் அழுவுறீங்க? துணி கசங்கினா என்ன பண்ணுவோம்?" என்றார். நான் வேண்டாம் என்று கத்தக் கத்த, வேட்டியை மடித்துப் போட்டு, நடுவில் நாடாவை வைத்து, இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டார். ஒரு சாண் நாடா சுருண்டு முறுக்காகப் போயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவர் குரங்கைப் பிடிக்கப் போய் அதையும் கருக்கிவிட்டார். அன்றிலிருந்து ஒரு மாதம் அவருக்கு இந்த வீட்டில் காப்பி கிடையாது.

மறுநாள் எல்லாவற்றையும் ஒரு முறத்தில் வைத்து, மேலே துணி மூடி, ரேடியோ ரிப்பேர் செய்யும் காதர் பாய் கடைக்குக் கொண்டுபோனேன். சிக்குப் பிடித்த நாடாவை அவர் ஒரு பென்சிலில் சுற்றிச் சுற்றி அரை நாள் சிக்கெடுத்தார். கருகிய துண்டை வெட்டினார். முனைகளைச் சாய்வாக நறுக்கி, பின்பக்கத்தில் மெல்லிய ஒட்டுத்தாள் போட்டு ஒட்டினார். "வெட்டினதுல எவ்வளவு போச்சு பாய்?" என்று கேட்டேன். "ஒரு சாண்தாம்மா. பேச்சுன்னு பாத்தா அஞ்சு செகண்டு" என்றார். ஐந்து செகண்டில் அவர் என்னவெல்லாம் சொல்லியிருப்பார்? பூலாம்பாடி வண்டியில் ஐந்து செகண்டில் எட்டு ஊர்ப் பெயர் சொல்கிற மனுஷர்.

பழைய கேசட்டின் திருகுகளைக் கழற்றி, நாடாவை ஒரு புதுக் கூட்டுக்கு மாற்றினார். பிறகு அதன் முதுகில் இருந்த இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களை ஸ்குரூடிரைவரால் தட்டி உடைத்தார். பதறிவிட்டேன். "பயப்படாதீங்க. இந்தப் பல்லு இருந்தாத்தான் அது மேல பதிய முடியும். ஒடைச்சிட்டா யாரு அமுக்கினாலும் செவப்புப் பொத்தான் எறங்காது. தம்பி இத மொதல்லயே பண்ணியிருக்கலாமேம்மா" என்றார். நீ எலக்ட்ரீசியன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. மானம் போகும்.

அப்போதுதான் அவரிடம் கேட்டேன்: "பாய், எம்புள்ள பேசியிருக்கானே, அதுக்கு அடியில இவரு பேசினது இருக்குமில்ல? எப்படியாச்சும் அத எடுக்க முடியாதா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வெள்ளையடிச்ச செவுருன்னா சொரண்டிப் பாக்கலாம். இது அப்படி இல்லம்மா. மேல பதிஞ்சா அடியில ஒண்ணும் இருக்காது. அறுந்தத ஒட்டலாம், கசங்கினத நிமித்தலாம், அழிஞ்சத ஒண்ணும் பண்ண முடியாது." பிறகு அவரே, "அழியறதுக்கு முன்னாடி அத யாராச்சும் கேட்டாங்களா?" என்றார். "எம்புள்ள கேட்டான்" என்றேன். "அப்ப அவருகிட்டதாம்மா இருக்கு. அவர கேளுங்க. இந்த ஒட்டு நாடாவ ரொம்ப ஓட்டாதீங்க" என்று கையில் கொடுத்தார்.

கேட்டேன். ஆடியில் ஒரு கடிதம், ஆவணியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று. மூன்றிலும் இதே கேள்வி: முதலில் அப்பா என்னடா பேசினார்? முதலாவதுக்குப் பதில், "எல்லாம் பொதுவாகத்தான் பேசினார்." இரண்டாவதுக்குப் பதில், "நேரில் வந்து சொல்கிறேன்." மூன்றாவதுக்குப் பதில்தான் இந்த எட்டு வரி. கேட்டதை விட்டுவிட்டுக் கேசட்டைக் கேட்கிறாய். எதற்கு இப்போது நகல்? ஒட்டுப்போட்ட நாடா அது. நீ போட்டு, ரூமில் இருக்கிற நாலு பேர் போட்டு, உன் இரட்டைச் செட் ஒரு தடவை கடித்தால் காதர் பாய் தம்மாமுக்கு வருவாரா? நகல் எடுக்க வேண்டும் என்றால் தை மாதம் அந்தச் செட்டோடு வா. நீ பொத்தானை அமுக்கு, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சித்தப்பாவை வெளியே நிறுத்திக் கதவைத் தாழ் போட்டுவிடுவோம்.

உனக்காக என்னிடம் இருப்பதை எழுதிவிடுகிறேன், நீ என்னைப் போலக் காத்துக்கிடக்க வேண்டாம். "அத வுடு" என்றபிறகு, என் "ஏங்க"வும் காதர் பாயின் ஒட்டும் தாண்டி, அவர் பேசுவது இதுதான். எசனையில் ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியை மடியில் மறைத்துக்கொண்டு ஏறினாராம். குட்டி கத்தியதும் தானே இருமுகிற மாதிரி நடித்தாராம். அரும்பாவூரில் ஒரு பெண் இறங்க மறந்து பூலாம்பாடி வரைக்கும் தூங்கிப் போய், இவரைத் திட்டினாளாம். உன் பழைய சைக்கிளை எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாராம், யாருக்கும் இரவல் கொடுக்கவில்லையாம். அரியலூர்ப் பக்கம் போனால் ஆலைப் புகையைப் பார்ப்பாராம். "நீ அங்க போவாததும் நல்லதுதான் போல. ஒரே தூசி" என்கிறார். செல்வம், இந்த ஒரு வரிக்காக நான் அந்தக் கேசட்டை எத்தனை முறை போட்டேன் என்று காதர் பாயிடம் சொல்லிவிடாதே. பத்து நாள் வீட்டையே இரண்டாக்கிய மனுஷர், இதை ஆட்டுக்குட்டிக் கதைக்கு நடுவில் சொல்லிவிட்டுப் போகிறார். அப்படியானால் அதற்கு முன்னால், தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, "மனசுல வச்சுக்காத" என்று முடிகிற மாதிரி என்ன சொன்னார்? நீ "அப்படியெல்லாம் நெனைக்காதீங்க" என்றாயே, எப்படியெல்லாம்? நான் முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள். எனக்கு அவர் வாயால் வராத ஒன்று உன்னிடம் வந்திருக்கிறது. அதை நீ கேட்டாய், அழித்தாய், இப்போது பொதுவாகப் பேசினார் என்கிறாய்.

சொல்ல உனக்குக் கூச்சமாக இருக்கலாம். அப்பா மன்னிப்புக் கேட்டார் என்று எழுதுவதற்கு எந்தப் பிள்ளைக்கும் கை வராது. ஒருவேளை மன்னிப்பு இல்லாமல் திட்டாகவே இருக்கட்டும். என்னைப் பற்றியே ஏதாவது குறை சொல்லியிருக்கட்டும். திட்டானாலும் அவர் திட்டு. ஒன்றே ஒன்று, தள்ளிப் போடாதே. கேசட்டுக்குப் பல்லை உடைத்தாகிவிட்டது. உன் மூளைக்கு உடைக்க முடியாது. தை பிறந்தால் வாலிகண்டபுரத்துப் பெண் இந்த வீட்டுக்கு வருகிறாள். வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதால்தான் இந்த அவசரம். அவள் பேசுவாள், பிள்ளைகள் பேசும், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதியும். அதில் தப்பில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் எழுதிவிடு. அந்தப் பெண் விஷயத்தில் உனக்குச் சொல்லவும் எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போது, எவ்வளவு முக்கியமான வேலை இருந்தாலும், முடிகிற வரைக்கும் கேள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கேசட் எப்படி முடிகிறது என்று உனக்குத் தெரியும். நீயும் கேட்டவன்தானே. கேட்டிருந்தும் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை நீ குத்திக்காட்டியதில்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்கும். என் குரல்: "யாருகிட்ட பேசிகிட்டு இருக்கீங்க?"

"தம்பிகிட்டதான். நீயும் வந்து ரெண்டு வார்த்த பேசு."

"மணி நாலாச்சு, இன்னும் சாப்புடலையா நீங்க? போதும், நிறுத்துங்க. சோறு ஆறுது."

"இரு இரு, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் அவனுக்கு..."

"அடுத்த தடவ சொல்லிக்கலாம். எழுந்து வாங்க."

"சரிப்பா. உங்கம்மா கூப்புடுறா. வச்சிடறேன்."

டக்கென்று ஒரு சத்தம். அதற்குமேல் பத்து நிமிடத்துக்கு வெறும் நாடா ஓடுகிறது. ஒவ்வொரு தடவையும் அதையும் முடிகிற வரை ஓடவிட்டுத்தான் எடுக்கிறேன். அது காலையில் வடித்த சோறு, செல்வம். நான் வருவதற்கு முன்பே ஆறிப்போனதுதான். பத்து நிமிடம் கழித்துச் சாப்பிட்டிருந்தால் ஒன்றும் குடி முழுகியிருக்காது.

முதல் பன்னிரண்டு நிமிடத்தை அழித்தவன் நீ, கடைசிப் பத்து நிமிடத்தைப் பேசவிடாமல் செய்தவள் நான். என்னுடையதை யாராலும் மீட்க முடியாது, அது பதிவாகவே இல்லை. உன்னுடையது உன்னிடம் இருக்கிறது. லெப்பைக்குடிக்காட்டு பாயிடம் இரண்டு பேனாவும் ஒரு குயர் பேப்பரும் கொடுத்தனுப்புகிறேன். ஆட்டுக்குட்டி மாதிரிக் கதைகள் இருந்தாலும் விடாமல், அவர் சொன்ன வரிசையிலேயே, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது. எவ்வளவு நீளமானாலும் எழுது. இந்தத் தடவை நடுவில் வந்து நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

அம்மா